அசோகா ரோட்டு நாவல் மரம்

கொசுவத்தி சுத்தி ரொம்ப நாளாச்சு. இன்னிக்குக் கொஞ்சம் சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க மக்களே.

நான் தில்லிக்கு வேலைக்கு வந்தது 2006 ஜூன்ல. ஜூன் மாசம் தில்லிக்கு மூட்டை கட்டறவனைவிடப் பெரிய முட்டாள் கிடையாதுன்னு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. மத்தியானம் தெருவுல இறங்கினா ‘லூ’ன்னு ஒரு அனல்காத்து முகத்துல அறையும். ஹிந்தி தூர்தர்ஷன்ல கேட்டதோட சரி. ஆபீஸ்ல நான் ‘மதராஸி’. திருச்சின்னு மூணு தரம் சொல்லிப் பார்த்து விட்டுட்டேன். மூணாவது வாரமே ராஜினாமா கடிதம் டைப் பண்ணி டிராஃப்ட்ல போட்டாச்சு. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுங்கறதுதான் பாக்கி.

அப்படி ஒரு சாயங்காலம் அசோகா ரோட்டுல நடந்துக்கிட்டிருந்தேன். நடைபாதை முழுக்க ஊதாக் கறை. செருப்பு வழுக்குது. அண்ணாந்து பார்த்தா, நாவல்!

மரத்துமேல ஒருத்தர் கிளையை உலுக்க, கீழ நாலு பேர் தார்ப்பாயை மூலைக்கு ஒருத்தரா பிடிச்சிருந்தாங்க. பழம் படபடன்னு விழுந்துது. நான் வாயைப் பிளந்து நின்னதைப் பார்த்து, பெரியவர் ஒருத்தர் ஒரு தொன்னையில பழம் போட்டு, கறுப்பு உப்புத் தூவி நீட்டினார். “ஜாமுன்”ன்னார். “நாவல்”ன்னேன். “நாவேல்?” “நாவல்.” அவருக்கு ஊர் உ.பி.யில பதாயூன் பக்கம். வருஷா வருஷம் சீசனுக்கு வந்து, ராத்திரி மரத்தடியிலேயே காவலுக்குப் படுத்துக்குவாராம். பாதி ஹிந்தி, மீதி கைஜாடை. தில்லியில வேலையைப் பத்தி இல்லாம நான் பேசின முதல் பேச்சு அதுதான்.

அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். 1911-ல தலைநகர் இங்க மாறும்னு அறிவிச்சு, வெள்ளைக்காரன் புது தில்லியைக் கட்டினப்போ சாலைக்கு நட்ட மரங்கள்ல நாவலும் ஒண்ணு. 2022-ல கர்த்தவ்ய பாதைன்னு பேர் மாறின ராஜ்பாத் ஓரத்துலயும் உண்டு. பழம் பறிக்கறதைக் குத்தகைக்கு விடறது ரொம்ப நாள் வழக்கம். எங்க திருவானைக்காவல்ல தலவிருட்சமே வெண்ணாவல். இந்த மொத்த தேசத்துக்கும் நாவலந்தீவுன்னு ஒரு பழைய பேர் வேற! இது தெரியாம நான் எங்கயோ அந்நிய தேசத்துல மாட்டிக்கிட்டதா அழுதுக்கிட்டிருந்திருக்கேன்.

அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். ராஜினாமா பத்திப் பேசல. “இங்க நாவ மரம் இருக்குப்பா.” “நம்ம கிணத்தடி மரம் மாதிரியா?” “அதைவிட உசரம்.” “இருக்காது”ன்னார்.

அந்தக் கிணத்தடி மரம் தாத்தா வச்சது. பிள்ளையார் சதுர்த்திக்கு அதுலேர்ந்துதான் பழம் போகும். (தில்லியில அதுக்குள்ள சீசன் முடிஞ்சுடும். தங்கமணி ஒரு டப்பா ஃப்ரீசர்ல பதுக்கி வைப்பாங்க.) 2014-ல தம்பி மாடி கட்டினப்போ மரத்தை வெட்டிட்டாங்க. வேர் அஸ்திவாரத்துக்குள்ள போயிடுச்சாம். வெட்டினப்புறம்தான் எனக்குச் சொன்னாங்க. கோவம் வந்துது. ஆனா யாரைத் திட்டறது? மாடிக்குப் பாதிப் பணம் நான் அனுப்பினது.

போன வருஷம் ஜூலையில அப்பா இங்க வந்திருந்தார். அசோகா ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். கையைப் பின்னால கட்டிக்கிட்டு ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார். “உசரம்தான்”னார். குனிஞ்சு ஒரு பழம் எடுத்து, மண்ணை ஊதி வாயில போட்டுக்கிட்டார். அப்புறம் இன்னொண்ணு. பேத்திகிட்ட நாக்கை நீட்டிக் காட்டினார். கிணத்தடி மரத்தைப் பத்தி அவரும் பேசல, நானும் பேசல.

கொட்டையெல்லாம் துப்பித் துப்பிக் கைக்குட்டையில முடிஞ்சுக்கிட்டிருந்தார்.

“சக்கரைக்குப் பொடி பண்ணவாப்பா?”

“இல்லடா, சும்மா.”