ஓடியவனும் நின்றவளும்

சென்ற ஆண்டு திருநீற்றுப் புதனன்று, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு மருத்துவர் முன் அமர்ந்திருந்தேன். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 186 என்றது சோதனைத்தாள். மருத்துவர் என் நெற்றியை ஒருமுறை பார்த்தார். "இந்த நாற்பது நாளும் எதையெதையோ விடுவீர்கள், ஃபாதர். இந்த ஆண்டு ஒன்றைத் தொடங்குங்கள். நாள்தோறும் காலையில் உடம்பு வியர்க்கட்டும்" என்றார். ஐம்பத்து நான்கு வயதில் நான் ஓடத் தொடங்கியது அவ்வாறுதான்.

எங்கள் பங்கு முத்துக்குளித்துறைக் கடற்கரையில் உள்ளது. ஆலயத்தின் பின்புறம் தொடங்கும் சாலை, கடலுக்கு முதுகைக் காட்டிப் பனங்காட்டினூடே சென்று, செந்நிறத் தேரி மணல் தென்படும் இடத்தில் முடிகிறது. போய்வர ஐந்து கிலோமீட்டர். இருள் பிரியுமுன் புறப்பட்டால் ஆறு மணித் திருப்பலிக்கு ஆயத்தமாகிவிடலாம்.

முதல் நாள் செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டேன். அதுவே என் அளவுகோலும் ஆயிற்று. மூன்று மணிகளுக்கு ஓட்டம், ஏழு மணிகளுக்கு நடை. அதற்குள் மூச்சு முட்டியது. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினால் ஆமென் வரை செல்ல நெஞ்சில் காற்று இல்லை. உயிர்ப்புப் பெருவிழாவன்று பத்து மணிகளை நிற்காமல் ஓடினேன். அன்றைய மகிழ்ச்சியில் பாஸ்கா மகிழ்ச்சி எவ்வளவு, என் சொந்த மகிழ்ச்சி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத தடைக்காலம் வந்தது. மூச்சு பழகிவிட்டது என்ற இறுமாப்பில் வேகத்தைக் கூட்டினேன். நெஞ்சும் நுரையீரலும் விரைவில் பழகிக்கொள்கின்றன. எலும்பும் தசைநாரும் அவ்வளவு விரைவில் இணங்குவதில்லை. முன்கால் எலும்பில் வலி கண்டு மூன்று வாரம் மீண்டும் நடையே கதி என்றாயிற்று. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று கண்ணிலும் வாயிலும் மணலை வாரி இறைத்தது. ஆயினும் விடவில்லை. அன்னை மரியின் பிறப்பு விழாவான செப்டம்பர் 8 அன்று, ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை முழுவதையும் நிற்காமல் ஓடியபடியே சொல்லி முடித்தேன்.

ஓடும் மனிதனுக்கு மறைநூலில் துணை தேட வேண்டியதில்லை. புனித பவுல் இருக்கிறார். அவர் ஒன்றரை ஆண்டு தங்கியிருந்து பணியாற்றிய கொரிந்து நகருக்கு அருகில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்துமிய விளையாட்டுகள் நடைபெறும். வென்றவனுக்குக் கிடைத்தது வாடிப்போகும் தழையில் கட்டிய வாகை. அந்த மக்களுக்குப் புரியும் மொழியில்தான் அவர் பந்தயத்தையும் பரிசையும் பற்றி எழுதினார். பின்னால் இருப்பதை மறந்து, முன்னால் இருப்பதை நோக்கி விரைவதாகப் பிலிப்பியருக்கும் எழுதினார். அந்தப் பகுதியை அவ்வாண்டு நான்கு மறையுரைகளிலாவது எடுத்தாண்டிருப்பேன். பங்கு மக்கள் தங்களுக்குள் சிரித்திருக்க வேண்டும்.

இவ்வேளையில், வெளிநாட்டில் பணிபுரியும் என் தங்கை மகன் விடுமுறையில் வந்து ஒரு கைக்கடிகாரத்தைப் பரிசளித்துச் சென்றான். ஓடிய தூரத்தையும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆன நேரத்தையும் அது சொல்லும். செபமாலை அங்கியின் பைக்குள் போயிற்று. நாற்பத்தொரு நிமிடம் முப்பத்தெட்டாகி, முப்பத்தைந்தாயிற்று. குடியரசு நாளன்று மாவட்டத் தலைநகரில் நடக்கவிருந்த பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயரும் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் மாதக் கடைசியில், வழியில் உள்ள மதகின் அருகே ஒரு முதிய தாய் நிற்பதைக் கண்டேன். எங்கள் பங்கைச் சேர்ந்தவர். ஏலக்கூடத்தில் மீன் வாங்கி ஊர் ஊராகச் சென்று விற்பவர். என்னைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓரடி முன்னால் வந்தார். "சர்வேசுரனுக்குத் தோத்திரம், சாமி" என்றார். ஓடிக்கொண்டே கையுயர்த்தி ஆசி கூறிக் கடந்தேன். மறுநாளும் நின்றார். மூன்றாம் நாள் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தது போல் இருந்தது. பிறகு பேசலாம் என்று கையால் காட்டினேன். கடிகாரம் அன்று முப்பத்து நான்கு நிமிடம் காட்டியது. ஆண்டின் மிகச் சிறந்த ஓட்டம் அதுவே.

நான்காம் நாள் மதகில் அவர் இல்லை. ஆலய மணி துக்கமணியாக ஒலித்தது.

இறந்தவர் அவருடைய கணவர். பல ஆண்டுகளுக்கு முன் ஊர்த் திருவிழாவில் எழுந்த ஒரு பிணக்கால் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டவர். அன்பியக் கூட்டங்களிலும் அவர் முகத்தை நான் கண்டதில்லை. கடைசி வாரத்தில், மனைவியிடம் மட்டும், சாமியாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். ஊர் அறியக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். பங்குமனையில் எந்நேரமும் ஆள்நடமாட்டம். ஆகவே அந்தத் தாய், நான் தனியே வரும் இடத்தையும் நேரத்தையும் தேர்ந்து, மீன்கூடையை மதகின் மேல் வைத்துவிட்டுக் காத்து நின்றிருக்கிறார்.

அடக்கம் முடிந்த மாலையில் அவர் இதைச் சொன்னபோது நான் கேட்டேன்: "என்னைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாமே, அம்மா?"

"சாமி ஓடிக்கிட்டு இருந்தீய. மறிக்கலாமா, கூடாதான்னு தெரியல. அதான் நின்னேன்."

அக்குரலில் குறைகூறுதலே இல்லை. இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

எரிக்கோ செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனை விலகிச் சென்ற குருவை, இருபத்தைந்து ஆண்டுகளாக மறையுரை மேடையில் கண்டித்து வந்தவன் நான். அந்தக் குரு ஏன் நிற்கவில்லை என்று மக்களைக் கேட்பதும் உண்டு. அவருக்கும் ஏதோ ஒரு நல்ல நோக்கம் இருந்திருக்கும் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. தீய செயலுக்காக விரைபவனை மனச்சாட்சி வழிமறிக்கும். நல்ல செயலுக்காக விரைபவனை யார் மறிப்பது? நான் என் உடல்நலத்துக்காக ஓடினேன். இன்னும் சில ஆண்டுகள் இம்மக்களுக்குப் பணியாற்றவே ஓடினேன். அந்த மக்களுள் ஒருவர் மூன்று நாள் என் எதிரில் நின்றார்.

இறைவன் தம் இரக்கத்தை அருட்சாதனங்களுக்குள் கட்டிவைத்துவிடவில்லை என்று குருமடத்தில் படித்தேன். அதை உறுதியாக நம்புகிறேன். சாமியாரைப் பார்க்க வேண்டும் என்று அம்முதியவர் சொன்ன நொடியிலேயே, தொலைவிலிருந்து மகனைக் கண்ட தந்தை ஓடிவந்து அவரைத் தழுவியிருப்பார். இந்தப் படிப்பினை இறந்தவருக்கு ஆறுதல். எனக்கு அது சாக்குப்போக்கு ஆகாது.

நவம்பர் 2 அன்று கல்லறைகளை மந்திரித்துக்கொண்டே வந்தேன். புதிய மண்மேட்டருகில் கால்கள் தாமாக நின்றுவிட்டன. பீடச்சிறுவன் தீர்த்தச் செம்போடு அடுத்த கல்லறைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தான். அவர் என்னிடம் சொல்ல நினைத்தது இனி இறைவனுக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். கேட்க வேண்டிய காது அன்று கடிகாரத்தின் ஓசைக்குக் காத்திருந்தது.

அந்நாள்களில் புனித பிரான்சிஸ் சவேரியாரை நினைத்துக்கொண்டேன். 1542ஆம் ஆண்டு இக்கடற்கரைக்கு வந்து, இந்த மணலில் ஊர் ஊராக நடந்தவர் அவர். அவ்வாண்டு அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து புனித இஞ்ஞாசியாருக்கு எழுதிய மடலில், செபம் கற்றுக்கொடுக்கும்படி சிறுவர்கள் தம்மைச் சூழ்ந்துகொண்டு, கட்டளைச் செபம் சொல்லவும் உண்ணவும் உறங்கவும் விடுவதில்லை என்று தெரிவிக்கிறார். உலகின் மறுகோடி வரை செல்லும் வேகம் கொண்டிருந்த மனிதர், சிறுவர்கள் மறித்தபோது நின்றிருக்கிறார். நம் ஆண்டவரும் அப்படியே. சாகக்கிடந்த சிறுமியைக் காண யாயிரின் வீட்டுக்கு விரைந்த வழியிலும், தம் ஆடையைத் தொட்ட பெண்ணுக்காக நின்றார். அதைவிட அவசரமான பயணம் எது?

ஓட்டத்தை நான் விட்டுவிடவில்லை. உடலைப் பேணுவது குற்றமன்று. குற்றம் வேறிடத்தில் இருந்தது. கடிகாரத்தை மேசை இழுப்பறையில் வைத்தேன். செபமாலை மீண்டும் கைக்கு வந்தது. போகும்போது ஓடுகிறேன், திரும்பும்போது மதகில் நிற்கிறேன். யாரும் இல்லையென்றாலும் பத்து மணிகள் சொல்லி முடியும்வரை நிற்கிறேன். முதல் இரண்டு வாரம் யாரும் வரவில்லை. பின்னர் ஊரில் செய்தி பரவிற்று. முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தோடு ஒருவர் வந்தார். கணவனின் குடியைப் பற்றிச் சொல்ல ஒரு பெண் வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் தவறிய பையன் ஒருவன் ஒன்றும் பேசாமல் அருகில் உட்கார்ந்துவிட்டுப் போனான். மறுநாளும் வந்தான். மூன்றாம் நாள்தான் பேசினான்.

குடியரசு நாள் ஓட்டத்துக்கு நான் போகவில்லை. தவமாக எண்ணி விட்டுவிடவில்லை. அன்று காலை பங்கில் ஓர் அடக்கம் இருந்தது. அவ்வளவே.

இவ்வாண்டுத் திருநீற்றுப் புதனுக்கு முன் மீண்டும் இரத்தம் கொடுத்தேன். 118 என்று வந்தது. மருத்துவர் கைகுலுக்கினார். எவ்வளவு நேரத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்று கேட்டார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்றேன். அவர் சற்று வியப்போடு பார்த்தார்.

புதனன்று அந்தத் தாயின் நெற்றியிலும் சாம்பல் இட்டேன். மண்ணாயிருப்பதை நினைவூட்டும் வார்த்தையை அவரிடம் சொல்லும்போது என் குரல் தாழ்ந்தது. மறுநாள் காலை அவர் மீன்கூடையோடு மதகில் இருந்தார். பேச எதுவுமில்லை போலும். இருவரும் கிழக்கே வெளுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சற்று நேரத்தில் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவர்தான் சொன்னார்:

"ஓடுங்க சாமி. பூசைக்கு நேரமாயிட்டு."

ஓடினேன்.