ஊர் கூடி இழுக்கும் தேர்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

விஞ்ஞானம் வளர்ந்தோங்கி நிற்கும் இந்நாளில் கைப்பேசி இல்லாத வீடே இல்லை எனலாம். காலையில் நம்மை எழுப்புவதும் அதுவே. இரவில் நம் உறக்கத்தைக் கெடுப்பதும் அதுவே! ஆயினும் அக்கருவியை உள்ளிருந்து இயக்குவது எது என்று நம்மில் எத்தனை பேர் சிந்தித்திருக்கிறோம்? உடலுக்கு உயிர் எப்படியோ, கைப்பேசிக்கு இயங்குதளம் அப்படி. அது இல்லையேல் கைப்பேசி வெறும் கண்ணாடிச் சில்லே. அத்தகைய இயங்குதளம் ஒன்றைக் காசுக்காக அன்றி, ஆர்வம் ஒன்றிற்காகவே பேணி வளர்த்து வரும் ஒரு கூட்டத்தாரைப் பற்றி இங்கு எழுத விழைகிறேன்.

1991-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், கணினிக்கான இயங்குதளக் கரு ஒன்றை எழுதினார். அதுவே லினக்ஸ். அதன் மூலநிரலை அவர் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. விரும்பியவர் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று உலகின் முன் வைத்தார். இன்று நம் இல்லங்களில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடியிலும் அந்த லினக்ஸ் கருவே இருக்கிறது.

“அப்படியானால் லினக்ஸ்தான் நம் கையிலேயே இருக்கிறதே! புதிதாக ஒன்று எதற்கு?” என்று தோழியர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கரு பொதுவுடைமை, ஆனால் அதன்மேல் எழுப்பிய கட்டடத்தின் சாவிகள் பல, விற்பவரிடமே இருக்கின்றன. சில ஆண்டுகள் கழித்து, பாதுகாப்புக்கான புதுப்பித்தல்களை அவர் நிறுத்திவிட்டால், நன்றாக ஓடுகின்ற கருவியும் நாளடைவில் குப்பைக்குப் போக வேண்டியதே. காசு கொடுத்து வாங்கியவர் நாம்; ஆயுளைத் தீர்மானிப்பவர் வேறொருவர்! இந்நிலையை மாற்ற எண்ணியவர்களின் முயற்சிகளுள் ஒன்றே ‘உபுண்டு டச்’ என்னும் கைப்பேசி இயங்குதளம்.

உபுண்டு என்பது தென்னாப்பிரிக்க மக்களின் சொல். நீ இருப்பதால் நான் மனிதனாக இருக்கிறேன் என்ற பொருளைத் தருவது. ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு அவர்கள் இக்கருத்தை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர். அதே நாட்டில் பிறந்து, 2002-இல் விண்வெளிக்குச் சென்று வந்த மார்க் ஷட்டில்வர்த் என்பவர், லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு கணினிகளுக்காக உருவாக்கி 2004-இல் வெளியிட்ட இயங்குதளத்திற்கு இப்பெயரையே சூட்டினார். அவருடைய கனானிக்கல் நிறுவனம் 2013 ஜனவரியில், கைப்பேசிக்கும் உபுண்டு வரப்போகிறது என அறிவித்தது.

அவ்வளவுதான்! உலகெங்கும் இருந்த ஆர்வலர்கள் தேன்கூட்டில் கல் விழுந்தாற்போல் ரீங்காரமிடத் தொடங்கினர். கைப்பேசியைப் பெரிய திரையுடனும் விசைப்பலகையுடனும் இணைத்தால் அதுவே மேசைக் கணினியாகிவிட வேண்டும் என்றனர் ஒரு சாரார். சிறிய கருவி அவ்வளவு பாரம் சுமக்குமா என்றனர் மற்றொரு சாரார். பொத்தான்களே இல்லாமல், திரையின் நான்கு ஓரங்களிலிருந்தும் விரலால் இழுத்து இயக்கும் முறையைச் சிலர் மெச்சினர். சிலர் முகம் சுளித்தனர். எல்லாவற்றிலும் பெரிய வாதம் செயலிகளைப் பற்றியது. மக்கள் வந்தால்தான் செயலி எழுதுவோர் வருவர். செயலிகள் இருந்தால்தான் மக்கள் வருவர். விதை முந்தியா, மரம் முந்தியா என்னும் பழைய வழக்கு இது.

அவ்வாண்டு ஜூலையில் ‘உபுண்டு எட்ஜ்’ என்ற கைப்பேசியைச் செய்வதற்காகப் பொதுமக்களிடம் ஒரு மாதத்திற்குள் 3 கோடியே 20 இலட்சம் டாலர் திரட்ட முயன்றனர். சேர்ந்ததோ ஏறத்தாழ 1 கோடியே 28 இலட்சம் டாலர். இலக்கை எட்டாததால் கைப்பேசி பிறக்கவில்லை. பணமும் கொடுத்தவர்களுக்கே போயிற்று. பின்னர் 2015-இல் ஸ்பெயின் நாட்டு பீக்யூ நிறுவனம் உபுண்டு ஓடும் கைப்பேசியை ஐரோப்பாவில் விற்றது. ஆயினும் சந்தை கைகொடுக்கவில்லை. 2017 ஏப்ரலில் கனானிக்கல் இம்முயற்சியைக் கைவிட்டது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரையை எழுதும் தேவை எனக்கு நேர்ந்திராது. முதலாளி இறங்கிவிட்ட தேரை ஊரார் நடுவீதியில் விட்டுவிடவில்லை. மாரியஸ் கிரிப்ஸ்கோர் என்ற இளைஞர் முன்பே தொடங்கியிருந்த ‘யூபிபோர்ட்ஸ்’ குழுவினர் வடத்தைப் பற்றினர். மூலநிரல் திறந்தே இருந்ததால் எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டியிருக்கவில்லை. ஒருவர் தம் பழைய கைப்பேசியின் ஒலிவாங்கியைப் பேச வைத்தார். இன்னொருவர் புகைப்படக் கருவியைக் கண் திறக்க வைத்தார். இவர்களைப் போலவே வேறு இயங்குதளங்களை ஆக்குவோருடன் சேர்ந்து, பல கைப்பேசிகளுக்கும் பொதுவான ‘ஹாலியம்’ என்னும் அடித்தளத்தை அமைக்கும் பணியிலும் கைகோத்தனர். போட்டியாளர் எனப் பாராமல் பகிர்ந்துகொண்ட அப்பண்பு என்னை மிகவும் கவர்ந்தது. 2023-இல் இத்தளம் உபுண்டு 20.04 என்னும் புதிய அடிப்படைக்கு மாறியது.

பொறியியற் கல்லூரியில் பயிலும் என் அண்ணன் வாயிலாகவே இவற்றையெல்லாம் அறிந்தேன். எங்கள் வீட்டில் ஒதுக்கிக் கிடந்த ஒரு பழைய கைப்பேசியில் அவர் உபுண்டு டச்சை நிறுவினார். பிறகு அதன் சொற்களைத் தமிழாக்கவும் முனைந்தார். கடிகாரச் செயலியில் ‘ஸ்னூஸ்’ என்ற சொல்லுக்கு இருவரும் அகராதிகளைப் புரட்டி அலுத்துப் போனோம். பக்கத்தில் அமர்ந்திருந்த பாட்டி, “இதுக்கு என்ன இவ்வளவு யோசனை? ‘இன்னும் செத்த நேரம்’னு போடுங்க. நீங்க ரெண்டு பேரும் தினமும் சொல்றதுதானே!” என்றார்கள். வீடே சிரித்தது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. “தம்பி, இதனால் யாருக்கு என்ன இலாபம்? இந்த நேரத்தில் வேலைக்கான பரீட்சைக்குப் படித்தால் ஆகாதா?” என்று கேட்டார். அக்கேள்வியில் கோபத்தைவிடக் கவலையே மிகுதியாக இருந்தது. அண்ணன் தலைகுனிந்து நின்றார். அக்கேள்வி என்னையும் விடவில்லை. அடுத்த ஆண்டு எந்தப் பாடப்பிரிவில் சேர்வது என்று நானும் முடிவு செய்தாக வேண்டும் அன்றோ?

அப்பா கூறியதில் உண்மை உண்டு. இத்தளத்திற்கென்று வாட்ஸ்அப் செயலி இல்லை. மின்வாரியக் கட்டணம் செலுத்த அம்மா பயன்படுத்தும் செயலியும் இல்லை. ஆண்ட்ராய்டு செயலிகளை ஓட்ட மாற்று வழி ஒன்று உண்டெனினும், அது எல்லாக் கருவிகளிலும் எல்லாச் செயலிகளுக்கும் பலிப்பதில்லை. பெரிய நிறுவனங்களை இது வென்றுவிடும் என்று அண்ணனே நம்பவில்லை. வெல்லாத ஒன்றிற்கு உழைப்பானேன்?

மறைக்கல்வி வகுப்பில் நாம் கேட்ட தாலந்து உவமை அப்பொழுது என் நினைவுக்கு வந்தது. தாலந்தை மண்ணில் புதைத்தவன் ஒரு காசையும் இழக்கவில்லை, இருந்தும் கடிந்துகொள்ளப்பட்டான். பயன்படாமல் காப்பதே குற்றமாயிற்று. அறிவும் அப்படித்தான். 2013-இல் எழுதிய நிரல், எழுதியவர் கைவிட்ட பின்னும் பிறருக்குப் பயன்படுகிறதே, அது எதனால்? புதைக்காமல் பகிர்ந்ததனால் அன்றோ? வெற்றி தோல்வி சந்தைக்கு உரியவை. பகிர்ந்த அறிவோ அடுத்தவர் கையில் முதலாகிறது. அண்ணனும் தம் கல்லூரி நூல்களில் படித்ததை அந்தப் பழைய கைப்பேசியில்தான் கண்ணால் கண்டார்.

இதனை நான் அப்பாவிடம் கூறினேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செய்யட்டும்” என்றார். இது எங்கள் வீட்டில் எழுதப்பட்ட உடன்படிக்கை! நானும் கணிதத்துடன் கணினி அறிவியல் உள்ள பிரிவையே எடுப்பதென முடிவு செய்துள்ளேன். மதிப்பெண் இறைவன் சித்தம், என் உழைப்பு.

அன்புத் தோழியரே! நாம் எல்லோரும் நிரல் எழுத வேண்டும் என்பதில்லை. கணக்கு வராத தோழிக்கு ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுப்பதும், நம் குறிப்பேட்டை மறைக்காமல் காட்டுவதும் உபுண்டுவே. பரிசும் பாராட்டும் வரும் என்று தெரிந்தால் எவரும் வடம் பிடிப்பர். வராது என்று தெரிந்தும் பிடிக்கும் கைகளாலேயே பல தேர்கள் நிலை சேர்கின்றன. அக்கைகளுள் நம் கைகளும் இருக்கட்டும்!