சவுத்தாம்ப்டன் ரோவில் ஒரு வீடு இருந்தது

லண்டன் ஹோபர்ன் நிலையத்திலிருந்து வடக்கே சில நிமிட நடை. சவுத்தாம்ப்டன் ரோவும் தியோபால்ட்ஸ் சாலையும் சந்திக்கும் முனையில் காக்ரன் அரங்கு. ஒரு கலைக் கல்லூரிக்குச் சொந்தமான, சுமார் 300 பேர் உட்காரக்கூடிய சிறிய அரங்கு அது. 1992 முதல் 1995 வரை தலாவா நாடகக் குழு அங்கே குடியிருந்தது. கரீபியன் தீவுகளிலிருந்து பிரிட்டனுக்கு வந்தவர்களும் இங்கே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளும் தங்கள் கதைகளைத் தங்கள் பேச்சிலேயே சொல்ல அந்தக் குழு மேடை கொடுத்தது. கல்லூரி 2011இல் கிங்ஸ் கிராஸுக்குப் போய்விட்டது, அரங்கும் மூடப்பட்டது. அந்த வழியாகப் பேருந்தில் போகும்போது இன்றும் என் கண் அந்த முனையைத் தேடுகிறது. அங்கே கேட்ட சிரிப்பை வேறெந்த அரங்கிலும் நான் கேட்கவில்லை.

அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ட்ரெவர் ரோன் எழுதிய ‘ஸ்மைல் ஆரஞ்ச்’ நாடகத்தை 1992இல் தலாவா மேடையேற்றியது. ஜமைக்காவின் சுற்றுலா விடுதி ஒன்றில் பரிமாறும் வேலை செய்பவர்கள், வெளிநாட்டுப் பயணிகளிடம் பிழைப்பு நடத்தும் சாமர்த்தியம்தான் கதை. சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டே, ஒரு தீவு மற்றவர்களின் விடுமுறைக்காகக் குனிந்து நிற்கும் வலியையும் அது சொல்லிவிடும். நடிகர் வசனத்தை முடிப்பதற்குள் அரங்கில் ஒரு பாதி சிரித்துவிடும். மற்றப் பாதி அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் சிரிக்கும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும் தொப்பியோடு பிரிக்ஸ்டனிலிருந்தும் ஹார்ல்ஸ்டனிலிருந்தும் வந்த பாட்டிமார், மேடையில் நிற்பவருக்கு இருக்கையிலிருந்தே புத்தி சொல்வார்கள். நடிகர் ஒரு கணம் நின்று அந்தக் குரலை வாங்கிக்கொண்டு அடுத்த வசனத்துக்குப் போவார்.

லண்டனின் மற்ற அரங்குகளில் அந்தப் பாட்டிமார் எப்போதும் பிந்திச் சிரிக்க வேண்டியவர்கள். வேறொருவர் வாழ்க்கையை, வேறொருவர் நகைச்சுவையை ஊகித்துப் புரிந்துகொள்ள வேண்டியவர்கள். காக்ரனில் அவர்கள் முந்திச் சிரித்தார்கள். நான் தமிழ் பேசி வளர்ந்தவன். அந்தப் பேச்சு எனக்கு அந்நியம். ஆனால் தாய்மொழி காதில் விழாத தெருக்களில் ஆண்டுக்கணக்கில் நடந்தவனுக்கு அந்த முந்திய சிரிப்பின் அருமை உடனே புரிந்தது. யாருக்கும் எதையும் விளக்கத் தேவையில்லாத ஓர் இடம். ஊரை விட்டு வந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது.

அரங்கில் யார் முந்திச் சிரிக்க வேண்டும் என்று தீர்மானிப்பவரே ஒரு நாடகக் குழுவின் தலைவர் என்று நான் நினைக்கிறேன். மற்ற வேலைகளெல்லாம் அந்தத் தீர்மானத்திலிருந்து பிறப்பவை. தலாவாவில் அதைத் தீர்மானித்தவர் இவோன் புரூஸ்டர்.

1938இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர் அவர். இறுதிச் சடங்கு நடத்துவது குடும்பத் தொழில். பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றின் தலைப்பிலும் அதையே சொன்னார். பதின்ம வயதில் அப்பா அவரைக் கிங்ஸ்டனின் வார்டு அரங்குக்கு அழைத்துப் போனார். சார்த்தரின் நாடகம் ஒன்றில் மோனா சின் என்ற நடிகையைப் பார்த்தார். தன் நாட்டுப் பெண் ஒருத்தி மேடையை ஆள்வதைக் கண்ட அன்றே நாடகம்தான் வாழ்க்கை என்று முடிவாயிற்று. 1956இல் ரோஸ் புரூஃபோர்டு கல்லூரியில் நாடகம் படிக்க இங்கிலாந்து வந்தார். பிரிட்டனில் நாடகக் கல்வி பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணாக அவரைச் சொல்கிறார்கள். இந்த நாட்டில் உனக்கு ஒருநாளும் வேலை கிடைக்காது என்பதுதான் அங்கே அவருக்குக் கிடைத்த வரவேற்பு.

படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினார். 1965இல் ட்ரெவர் ரோனோடு சேர்ந்து கிங்ஸ்டனில் ‘தி பார்ன்’ அரங்கைத் தொடங்கினார். புரூஸ்டரின் வீட்டுக் கார் நிறுத்தும் கொட்டகைதான் அரங்கம் ஆயிற்று. உயர்குடி ஆங்கிலத்தில் நடிப்பதே நாடகம் என்றிருந்த ஊரில், தெருவில் பேசும் ஜமைக்கா மொழி அந்தக் கொட்டகையில் மேடை ஏறியது. ரோனின் ‘ஸ்மைல் ஆரஞ்ச்’ 1971இல் வந்ததும் அந்தக் காலத்தில்தான். சவுத்தாம்ப்டன் ரோவில் நான் கேட்ட சிரிப்பின் வேர் அங்கே இருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் புரூஸ்டர் மறுபடியும் லண்டன் வந்தபோது பின்னால் விட்டு வந்தது அதைத்தான்: சொந்த வீட்டில், சொந்தப் பேச்சில், சொந்த மக்களுக்கு முன்னால் நாடகம் போடும் பழக்கத்தை. அதன் பிறகு அவர் செய்த ஒவ்வொன்றிலும் அந்தக் கொட்டகையை லண்டனில் மறுபடி கட்டும் முயற்சியைத்தான் நான் காண்கிறேன்.

அந்த முயற்சிக்கு அவர் நன்றாகத் தயாரானார். 1982 முதல் 1984 வரை கலை மன்றத்தில் நாடக அதிகாரியாக வேலை பார்த்தார். அரசுப் பணம் எந்த மேசைகளைக் கடந்து எந்தக் குழுவுக்குப் போய்ச் சேர்கிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தார். கலையுணர்வு மட்டும் இருந்தால் குழு நடக்காது, விண்ணப்பம் எழுதவும் தெரிய வேண்டும் என்பதை அவரைவிடத் தெரிந்தவர் குறைவு. 1986இல் ஜமைக்காவைச் சேர்ந்த மோனா ஹம்மண்ட், கயானாவைச் சேர்ந்த கார்மென் மன்ரோ ஆகிய இரு நடிகைகளோடும் இனிகோ எஸ்பெஹலோடும் சேர்ந்து தலாவாவை நிறுவினார். பெருநகர லண்டன் மன்றம் கொடுத்த நிதிதான் முதல் முதலீடு. அந்த மன்றத்தையே தாட்சர் அரசு 1986 மார்ச் 31ஆம் தேதியோடு கலைத்துவிட்டது. மூடிக்கொண்டிருந்த கதவின் இடுக்கில் புகுந்து வந்த குழு தலாவா.

முதல் நாடகமாக அவர் தேர்ந்தெடுத்தது டிரினிடாட்டின் சி.எல்.ஆர். ஜேம்ஸ் எழுதிய ‘தி பிளாக் ஜாக்கபின்ஸ்’. ஹெய்ட்டியின் அடிமைகள் 1791இல் கிளர்ந்தெழுந்து, பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்து, 1804இல் விடுதலை பெற்ற வரலாறு. ஹாமர்ஸ்மித்தின் ரிவர்சைடு ஸ்டூடியோஸில் நார்மன் பீட்டன் தளபதி துசேன் லூவர்த்தூராக நடித்தார். ஜேம்ஸ் அப்போது பிரிக்ஸ்டனில் வாழ்ந்துகொண்டிருந்த முதியவர்.

அடுத்து அதே ஆண்டில் டென்னிஸ் ஸ்காட்டின் ‘ஆன் எக்கோ இன் தி போன்’. ஜமைக்காவில் இறந்தவருக்காக ஒன்பதாம் இரவு உறவினர் கூடி விழித்திருந்து, பாடி, ஆவியை வழியனுப்பும் வழக்கம் உண்டு. அந்த இரவில் கூடியவர்கள் மேல் முன்னோர்கள் இறங்க, அடிமைக் கப்பலிலிருந்து தொடங்கும் நீண்ட கதை ஒரு களஞ்சியத்துக்குள் நடந்து முடியும். வார்டு அரங்கையோ ஒன்பதாம் இரவையோ அறியாத நாட்டில் அதை அடிக்குறிப்பு எதுவும் சேர்க்காமல் அப்படியே மேடையில் வைப்பதற்குத் துணிவு வேண்டும். புரூஸ்டருக்கு அது இருந்தது.

கரீபியன் நாடகம் மட்டும் போடுங்கள், ஷேக்ஸ்பியரை எங்களுக்கு விட்டுவிடுங்கள் என்ற மனப்போக்குக்கும் அவர் இடம் கொடுக்கவில்லை. 1989இல் ஆஸ்கார் வைல்டின் நாடகம் ஒன்றைக் கறுப்பின நடிகர்களை மட்டுமே வைத்துப் போட்டார். 1991இல் டோனா குரோல் கிளியோபாட்ராவானார். பிரிட்டனின் தொழில்முறை மேடையில் அந்த வேடம் ஏற்ற முதல் கறுப்பின நடிகை அவர். 1994இல் பென் தாமஸ் லியர் மன்னரானார். அதே ஆண்டு, ஜமைக்காவின் ஜொங்கோனு முகமூடி ஆட்டத்தை மையமாக வைத்த சில்வியா விண்டரின் ‘மாஸ்கரேட்’டும் வந்தது. லியரும் ஜொங்கோனுவும் ஒரே ஆண்டில், ஒரே குழுவின் கையில். அது இயல்பான காரியமாகவே தோன்றும்படி செய்ததுதான் அந்தத் தலைமையின் வெற்றி.

1995இல் காக்ரன் குடியிருப்பு முடிந்தது. குழு சாகவில்லை. மற்றவர்களின் அரங்குகளில் தேதி வாங்கிக்கொண்டு நாடகம் போட்டது. ஆனால் விருந்தாளியாகப் போகிற வீட்டில் யாரும் முந்திச் சிரிப்பதில்லை. பார்வையாளர் நாடகத்தைத் தேடி ஒவ்வொரு முறையும் வேறு முகவரிக்குப் போக வேண்டியிருந்தது. தொப்பியணிந்த பாட்டிமாரில் சிலர் வந்தார்கள். பலரை அதன் பிறகு நான் பார்க்கவில்லை.

சொந்தக் கூரை கிடைத்துவிடும் என்று ஒரு காலம் நம்பினோம். விக்டோரியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் அரங்கு இருந்த இடத்தில் தலாவாவுக்கென்று ஒரு நாடக அரங்கம் கட்டத் திட்டம் வந்தது. அந்த இடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1936 மார்ச்சில் ஜேம்ஸ் துசேனைப் பற்றி எழுதிய முதல் நாடகம் இரண்டு முறை அரங்கேறியது அங்கேதான். துசேனாக நடித்தவர் பால் ராப்சன். தலாவாவின் முதல் நாடகத்தின் மூலவிதை விழுந்த மண்ணிலேயே தலாவாவின் வீடு எழுந்திருக்கும். 2005இல் கலை மன்றம் நிதியை விலக்கிக்கொண்டது, திட்டம் கலைந்தது. காணாமற்போயிருந்த அந்த 1936 நாடகத்தின் பிரதி ஹல் நகர ஆவணக் காப்பகம் ஒன்றில் ஓர் ஆய்வாளருக்குக் கிடைத்ததும் அதே 2005இல்தான். பிரதி மீண்டது, வீடு போயிற்று. விக்டோரியாவின் அந்த இடத்தில் 2012இல் வேறோர் அரங்கம் திறந்தது. நல்ல அரங்கம்தான். அதன் வாசலைக் கடக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

இந்த இழப்பு தலாவாவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கயானாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஆஸ்கார் ஏப்ரம்ஸ் 1971இல் இஸ்லிங்டனில் தொடங்கிய கெஸ்கிடி மையம், பிரிட்டனின் முதல் கறுப்பினக் கலை மையம். பாப் மார்லி ஒரு பாடலுக்குப் படம் பிடித்த கூடம் அது. கவிஞர் லின்டன் குவேசி ஜான்சன் நூலகம் பார்த்துக்கொண்ட இடம் அது. இன்று அங்கே மையம் இல்லை. நினைவுப் பலகை இருக்கிறது. 1972இல் தொடங்கிய டெம்பா நாடகக் குழுவும் தொண்ணூறுகளில் நிதி நின்று முடிந்துபோனது. 2007இல் டொட்டன்ஹாமில் திறந்த பெர்னி கிராண்ட் கலை மையம் இன்றும் நிற்பது இந்தக் கணக்கில் ஒரு நிம்மதி.

இத்தனைக்கும் நடுவில் தலாவா பிழைத்திருப்பது அடுத்தடுத்து வந்த தலைவர்களால். புரூஸ்டருக்குப் பிறகு பாலெட் ராண்டால் பொறுப்பேற்றார். வீடு கைநழுவிய மறு ஆண்டு, 2006இல், ஜமைக்காவின் நாடக எழுத்தாளர் பட்ரிசியா கம்பர் வந்தார். 2012இல் மைக்கேல் பஃபாங். அதே ஆண்டு அவர் தேசிய அரங்கில், டிரினிடாட்டின் எரோல் ஜான் எழுதிய ‘மூன் ஆன் எ ரெயின்போ ஷால்’ நாடகத்தை இயக்கினார். 1957இல் பரிசு வாங்கிய அந்த நாடகம், போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒரு பொது முற்றத்தைச் சுற்றி வாழும் ஏழைக் குடும்பங்களின் கதை. எழுதுபவர்களின் பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்வது, இளையவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என்று கண்ணில் படாத வேலைகளையும் குழு விடாமல் செய்தது. பழைய பிரதிகளும் படங்களும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. 2019இல் கிராய்டனின் ஃபேர்ஃபீல்டு ஹால்ஸுக்குக் குழு குடிபெயர்ந்தது.

அருங்காட்சியகத்தில் படங்கள் இருக்கலாம். அந்தச் சிரிப்பைப் பெட்டியில் வைத்துக் காக்க முடியாது. அது ஒரே வாசலுக்குப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்த மனிதர்களுக்கு நடுவில் மட்டுமே பிறக்கிறது. நல்ல தலைவர்கள் குழுவை உயிரோடு வைத்திருப்பார்கள் என்பதற்குத் தலாவாவே சாட்சி. ஆனால் தலைவர்களின் உழைப்பில் பாதியை அடுத்த நாடகத்துக்கு இடம் தேடுவதிலேயே செலவழிக்க வைப்பது அநியாயம். பெரிய அரங்கங்களுக்குக் கூரையும் விளக்கும் பொதுப் பணத்தில் கிடைக்கும் நாட்டில், இந்தக் கதைசொல்லிகளுக்கும் அது உரிமை.

ஊரை விட்டு வந்து வேறொரு நகரத்தில் வாழும் எவருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் நகரத்தில் ஒரு சிறிய குழு தன் பேச்சில் நாடகம் போடுகிறதென்றால், அது உங்கள் மொழியாக இல்லாவிட்டாலும், சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். மறு ஆண்டும் போங்கள். நிதியைத் தீர்மானிக்கும் மேசையில் உங்களில் யாராவது உட்கார நேர்ந்தால், நாடகத்துக்குக் கொடுப்பதோடு நிறுத்தாமல் அரங்கத்துக்கும் கொடுங்கள்.