முகாம் என்றொரு சொல்

கோவை கோட்டைமேட்டில் நாங்கள் குடியிருந்த சந்துக்கு, ரமலான் மாதத்துப் பின்னிரவுகளில் ஒரு பக்கீர் பாவா வருவார். கையில் தப்ஸ், தோளில் பச்சைத் துணி. சஹருக்கு ஊரை எழுப்புவது அவர் பணி. பாட்டின் பொருள் எனக்கு முழுதும் விளங்கியதில்லை. ஓரிடத்தில் நெடுநேரம் நின்று, பிறகு ஒரு படி மேலேறும் அந்தக் குரல் மட்டும் நெஞ்சில் தங்கிவிட்டது.

என் தந்தையார் பாட்டுக் கச்சேரிகளை விரும்பாதவர். ஆயினும் பாவா பாடி முடிக்கும்வரை வாசற்படியிலேயே நிற்பார். பின்னரே காசு கொடுப்பார். "ஏன் அத்தா இவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். "அவர் இந்த ஊரில் முகாம் போட்டிருப்பது ஒரு மாதந்தான்" என்றார். அது விடையாக எனக்குத் தோன்றவில்லை.

பல்லாண்டுகளுக்குப் பின் அதே சொல் வேறோர் உருவில் எதிர்ப்பட்டது. காஸ்பியன் கடலோரத்து அஸர்பைஜான் மக்கள் தம் மரபிசையை 'முகாம்' என்கின்றனர். அரபியில் 'மகாம்' என்றால் நிற்குமிடம். கஅபாவின் அருகிலுள்ள மகாமு இப்ராஹீம் நாமறிந்ததே. சூஃபிகள் ஆன்மிகப் படிநிலைகளை மகாம் என்றனர். இசைவாணர் பண்களுக்கு அப்பெயரைச் சூட்டினர். நம் தமிழில் அதுவே கலெக்டர் முகாமும் கண் சிகிச்சை முகாமும் ஆயிற்று.

ராஸ்த், ஷூர், செகாஹ், சஹார்காஹ், பயாத்தி ஷிராஸ், ஷூஷ்தர், ஹுமாயூன் என ஏழு முகாம்கள் அங்கே தலையாயவை. பாடகர் கையில் நம் தப்ஸைப் போன்றதொரு கருவி. உடன் தார், கமான்சா என்னும் நரம்புக் கருவிகள். ஒரு சுரத்தில் தங்கி, அதைச் சுற்றி உலவி, பிறகே அடுத்த படிக்கு ஏறுகிறார். 1908-ல் உஸையிர் ஹாஜிபையோவ் லைலா மஜ்னூன் கதையை இந்த முகாம்களைக் கொண்டே இசைநாடகமாக்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இவ்விசை இசைத்தட்டுகளில் பதிவாயிற்று. 2003-ல் யுனெஸ்கோ இதனை மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

இவை நமக்கு முற்றிலும் அந்நியமல்ல. திருக்குர்ஆனை இனிமையாக ஓதும் காரிகளின் ஓசை முறைகளிலும் ராஸ்த் உண்டு, பயாத்தி உண்டு. மகாம் வரிசையிலுள்ள ஹுசைனியின் பெயரோடு ஒரு ராகம் கர்நாடக இசையிலும் வழங்குகிறது.

முகாம் இசையின் பதிவொன்றை முதன்முறை கேட்டபோது, எங்கள் சந்தின் இருட்டு நினைவுக்கு வந்தது. நினைவோடு ஒரு வெட்கமும் வந்தது.

1983-ல் மாமா சவூதியிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தார். காரி அப்துல் பாஸித் அவர்களின் ஓதலைக் கேட்பதற்கென்றே அது எங்கள் வீட்டில் இருந்தது. அந்த ரமலானில் அத்தா என்னை அழைத்து, "பாவா பாட்டை அதில் பிடித்து வை" என்றார். கல்லூரி மாணவனாகிய எனக்கு, காசுக்குப் பாடுபவரின் பாட்டைப் பதிவதா என்ற எண்ணம். நாளை நாளை என்று கடத்தினேன். பெருநாளும் வந்துவிட்டது.

மறு ஆண்டு பாவா வரவில்லை. முதல் நோன்பின் சஹரில் அத்தா வாசற்படியில் நெடுநேரம் நின்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்தினார். அவரும் இன்றில்லை, அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.

குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களும் முனாஜாத்துகளும் அச்சேறியதால் சொற்கள் பிழைத்தன. அவற்றைப் பாடித் திரிந்தோரின் மெட்டுகளோ அவர்களின் தொண்டையோடு போயின. பாக்கூ நகரத்தார் நிற்குமிடத்தைக் காத்துக்கொண்டார்கள். நாம் கூடாரம் பிரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் தெருவில் இன்னும் ஒரு பாவா வருகிறாரென்றால், பாட்டு முடியும்வரை நில்லுங்கள். கைப்பேசி கையில்தானே இருக்கிறது? அவர் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை.