லிங்க் எடுத்த ரயிலும் நான் எடுக்காத ரயிலும்

மகன் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் வேலையாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை ரோனோக் என்ற ஊருக்கு அழைத்துப் போனான். "உங்களுக்குப் பிடிச்ச ரயில் சமாச்சாரம்பா" என்றான். பழைய ரயில் நிலையத்தையே அருங்காட்சியகமாக்கியிருந்தார்கள். உள்ளே வின்ஸ்டன் லிங்க் என்ற ஒரே மனிதர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். 2001 ஜனவரியில், 86 வயதில் காலமானவர்.

லிங்க் ரயில்வே ஊழியர் இல்லை. நியூயார்க்கில் விளம்பரப் படம் எடுத்துப் பிழைத்தவர். 1955ல் வேலையாக வர்ஜீனியா வந்த இடத்தில், நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் நீராவி வண்டிகளைப் பார்த்தார். மற்ற பெரிய ரயில்வேக்கள் எல்லாம் டீசலுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். இதுவும் சீக்கிரம் போய்விடும் என்று அவருக்குப் புரிந்தது. அடுத்த ஐந்து வருடம் கைக்காசைச் செலவழித்துத் திரும்பத் திரும்ப வந்து, சுமார் 2,400 படங்கள் எடுத்தார். 1960ல் அங்கேயும் நீராவி நின்றது.

பெரும்பாலும் இரவில்தான் எடுத்தார். சூரியனையும் நகர்த்த முடியாது, தண்டவாளத்தையும் நகர்த்த முடியாது. இருட்டில் என்றால் வெளிச்சத்தை நம் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. நிறைய பிளாஷ் பல்புகளை ஒயர் இழுத்து இணைத்து, ரயில் வரும் நொடியில் ஒன்றாக மின்ன வைப்பார். அந்த பல்பு ஒரு தடவைதான் எரியும். தவறினால் போச்சு.

ஆனால் என்னை நிற்க வைத்தது ரயில் இல்லை, ரயில் பக்கத்தில் இருந்த ஜனங்கள். காரில் உட்கார்ந்து திறந்தவெளி சினிமா பார்க்கும் ஒரு ஜோடி, பின்னால் ஓடும் சரக்கு வண்டி. இன்னொன்றில் கிரீன் கோவ் என்ற குட்டி ஸ்டேஷன். இன்ஜின் முன்னால் வணக்கம் சொல்வதுபோல் தலைகுனிந்து நிற்கும் வண்டிக் குதிரை.

அந்தக் குதிரையைப் பார்த்ததும் எங்கள் வில்லியனூர் ரயில்வே கேட் ஞாபகம் வந்துவிட்டது. கேட் மூடினால் கரும்பு வண்டி மாடுகள் இப்படித்தான் நிற்கும். கேட்டை ஒட்டி அப்பாவின் டீக்கடை. 1879ல் போட்ட விழுப்புரம் - புதுச்சேரி பாதை, அப்போது மீட்டர் கேஜ், கரி இன்ஜின். சாயங்கால வண்டி ஊதினால் அம்மா உலை வைப்பாள்.

ஒரு தேர்த் திருவிழாவுக்கு சித்தப்பா ஆக்ஃபா கிளிக் கேமரா கொண்டுவந்தார். ரோலுக்கு 12 படம். 11 முடிந்து ஒன்று மிச்சம். கடையோடு சேர்த்து ரயிலை எடுக்கிறேன் என்றேன்.

அப்பா சிரித்தார். "ரயிலு எங்கடா போயிடப் போவுது? தெனம்தான் வருது. பிலிமை வீணாக்காதே, தேரை எடு."

தேரை எடுத்தேன். திருக்காமீசுவரர் தேர் இன்றும் வருடா வருடம் ஓடுகிறது. கரி இன்ஜின் போய்விட்டது, மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்துவிட்டது. கடை இல்லை. அப்பாவும் இல்லை. சுவரில் மாலையோடு இருப்பது ஸ்டுடியோவில் விறைப்பாக நின்று எடுத்த படம். பாய்லர் பக்கத்தில், தோளில் துண்டோடு டீ ஆற்றும் அப்பா எந்தப் படத்திலும் இல்லை.

அந்த ஒரு படத்தை எடுத்திருந்தால் அதில் ரயில் இருந்திருக்கும், கடை இருந்திருக்கும், அப்பாவும் இருந்திருப்பார்.

நம்ம ஊர்க்காரர்கள் யார் வீட்டுப் பெட்டியிலாவது அந்தக் கேட்டின் பழைய படம் இருந்தால் சொல்லுங்கள். ஓரத்தில் ஒரு டீக்கடை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.