மந்தாரக்குப்பம் பட்டறையில் ஒரு பின் ஆக்சில்

நெய்வேலி நகரியத்தின் நேர்ச்சாலைகளையும் மரநிழலையும் தாண்டி மந்தாரக்குப்பம் வந்தால் ஊரின் முகமே மாறிவிடும். சுரங்க மண்மேடு, கடைகள், பட்டறைகள். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கரிய பொருள் வெளிவந்தது. 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. சுற்றுக் கிராமங்களில் இன்றும் முந்திரியும் பலாவும் பலருக்குப் பிழைப்பு.

பலா சீசனில் ஒரு பழைய பிக்கப் பட்டறைக்கு வந்தது. பின் வலது சக்கரத்தில் இரைச்சல். டிரம்மின் உட்புறம் கியர் ஆயில் கசிவு.

"சீல் மட்டும் மாத்திக் குடுத்துடு தம்பி, நாளைக்கு லோடு இருக்கு" என்றார் விவசாயி.

மெக்கானிக் ஷாஃப்டை உருவி, சீல் உட்காரும் இடத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம்.

"புது சீல் போட்டாலும் ஒழுகும் அய்யா. லைனர்ல ஆயில் இறங்குனா பிரேக் பிடிக்காது. இந்த வண்டியில பாரத்தையும் ஷாஃப்ட்தான் தாங்குது. ஒடிஞ்சா சக்கரமே கழண்டுடும்."

ஷாஃப்ட், பேரிங், சீல், இருபக்க லைனர் எல்லாம் மாறின. ஹவுசிங் மேலிருந்த மூச்சுக்குழாய் சேற்றால் அடைத்திருந்தது. சூடேறிய காற்று வெளியேற வழியில்லாவிட்டால், ஆயிலைச் சீல் வழியே தள்ளும். அதையும் சுத்தம் செய்தார்.

ஒரு நாள் லோடு போனது. அதற்கு மறுநாள் வண்டி சத்தமில்லாமல் பண்ருட்டி சாலையில் கிளம்பியது.

பழைய வண்டி வைத்திருப்போர், சீசனுக்கு முன்பே பின்சக்கரங்களின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். விரலில் எண்ணெய் ஒட்டினால் லோடு ஏற்றாதீர்கள்.