அத்தை சொன்னபடியே

வெளியூர்க்காரர்களுக்குத் திருச்சுழி என்றால் 1879-இல் ரமணர் பிறந்த ஊர். எங்களுக்கு அது அருப்புக்கோட்டை பஸ் வந்து நிற்கிற ஊர், தபால்காரர் சைக்கிளை மிதித்துக் கிளம்புகிற ஊர். குண்டாற்றில் பெரும்பாலும் மணல்தான். அந்தப் பக்கம், கரிசல் வெடித்துக் கிடக்கிற ஒரு சின்ன ஊரில், ஐந்தாம் வகுப்புப் படிக்கையிலேயே நான் தெருவுக்குக் கடுதாசி எழுதிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

முதல் வாடிக்கை எங்கள் அத்தை. மாமா பட்டாளத்தில் இருந்தார். அவர் விலாசத்தில் ஊர்ப்பெயரே கிடையாது. நம்பர், பெயர், '99 ஏ.பி.ஓ.' அவ்வளவுதான். அனுப்புநர் விலாசத்தில் 'ராமநாதபுரம் மாவட்டம்' என்று எழுதிப் பழகிய கை, 1985-இல் 'காமராஜர் மாவட்டம்' என்று மாற்றி எழுதியது.

பள்ளிக்கூடத்தில் வருசம் தவறாமல் 'மழைக்காலம்' கட்டுரை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை. கார்மேகம், தோகை விரிக்கும் மயில், தவளைக் கச்சேரி எல்லாம் நோட்ஸிலிருந்து அப்படியே இறங்கிவிடும். எங்கள் ஊரிலும் மயில் உண்டு. கம்மங்காட்டில் மேய வரும், தகரத்தைத் தட்டி விரட்டுவோம். அதை யாரும் கேட்கவில்லை.

அதே பாஷையில் அத்தைக்கும் எழுதினேன். 'தங்கள் பிரிவால் வாடும்' என்று தொடங்கி இன்லண்ட் கடுதாசியில் ஒரு பக்கம் நிரப்பி வாசித்துக் காட்டினேன். அத்தை முகத்தைச் சுளித்தாள்.

"இது யாரு புருசனுக்கு எழுதுன கடுதாசி? நான் சொன்னத எழுது தாயி."

வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். நெடி ஏறித் தும்முவதற்கு மட்டும் பேச்சை நிறுத்துவாள்.

"கம்மாக்கரை வேலிய வெட்டி கரிமூட்டம் போட்டாச்சு. மொதல்ல வெள்ளப் பொகையாக் கக்குச்சு, கண்ணத் தொறக்க முடியல. நேத்துலருந்து நீலம் பாஞ்சிருக்கு, வெந்துருச்சு. மேல பூசுன மண்ணு வெடிச்சுக் காத்துப் புகுந்தா அம்புட்டும் சாம்பலு. அதனால ராத்திரி நான்தான் காவல். சின்னவன் ஒங்க பழைய பட்டாளச் சட்டையப் போத்திக்கிட்டு எங்கூடவே படுத்துக்கிடுறான்."

'உங்கள் நினைவாகவே இருக்கிறேன்' என்று ஒரு வரி சேர்க்கட்டுமா என்று கேட்டேன். "அதான் சட்டையச் சொல்லியாச்சுல்ல" என்றாள்.

மாமாவின் பதிலில் நலம் விசாரிப்புகூட இல்லை. ராத்திரி மூட்டத்துக்குத் தனியாகப் போகாதே என்றுதான் எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்திருந்தார்.

அதற்குப் பிறகு 'எங்கள் ஊர்' கட்டுரைக்கு மூட்டத்துப் புகையை எழுதினேன். வெள்ளை எப்போது நீலமாகும், எந்த மரம் நின்று எரியும், அத்தை எப்படி வைவாள் என்று. நோட்டு திரும்பி வந்தபோது வரிக்கு வரி சிவப்பு மை. ஓரத்தில் 'பேச்சு வழக்கு' என்ற குறிப்பு. மார்க்கைச் சொல்லாமல் விடுவதே மரியாதை.

அண்ணன் சலூனிலிருந்து இரவல் வாங்கி வந்த ஜூனியர் விகடனில் ஒருநாள் 'கரிசல் காட்டுக் கடுதாசி' கண்ணில் பட்டது. மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன் என்று சொல்லிக்கொண்ட இடைசெவல் கி.ராஜநாராயணன் எழுதியது. என் நோட்டில் சிவப்புக் கோடு விழுந்த மாதிரிப் பேச்செல்லாம் அங்கே அச்சில் தெம்பாக நின்றது. அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "நம்ம பேச்சுக்கு இவருக்குக் காசு வேற குடுக்குறாகளா?" என்று கேட்டாள்.

எங்களுக்குப் பக்கத்து மல்லாங்கிணறுதான் தமிழச்சி தங்கபாண்டியனுக்கும் எஸ்.ராமகிருஷ்ணனுக்கும் ஊர். கரிசல் நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றிய ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்' நாவலுக்கு 2018-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இந்த மண்ணில் சொல்லுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை.

மழைக்காலக் கட்டுரை இன்னும் ஒழிந்தபாடில்லை. திருச்சுழிப் பக்கம் வேலை பார்க்கிற வாத்தியார்கள், டீச்சர்களுக்கு ஒரு விண்ணப்பம்: மழை பெய்யாத வருசத்தைப் பற்றியும் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். படித்து முடிக்கிறவரை சிவப்புப் பேனா பையிலேயே இருக்கட்டும்.